பால்மறந்த குட்டிக்கு முதல் மேய்ச்சல்

மந்தாரக்குப்பம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பி மஞ்சப் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தான். ஆட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்து, ஒரு லிட்டர். “ஆவணியிலேர்ந்து இது மூணாவதுண்ணே. ஊத்தினா பத்து நாள் தெளியுது, அப்புறம் பழையபடி தாடை வீங்குது. போன வாரம் ரெண்டு குட்டி செத்துப்போச்சு.”

அவன் என் சித்தி மகன். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. வீட்டில் சித்தியும் அவன் மனைவியும் முப்பது செம்மறிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவற்றில் பால்மறந்த குட்டிகள் பதினொன்று இருந்தன, இப்போது ஒன்பது. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மார்கழிப் பனியில் பைக் ஓட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறான் என்றால் மனசு எவ்வளவு நொந்திருக்கும் என்று தெரிந்தது. இரண்டு டீ சொல்லிவிட்டு, “குட்டிங்க எங்கப்பா மேயுது?” என்று கேட்டேன்.

“வாய்க்கா கரையிலதான். வயல்ல சம்பா நிக்குது. வேற எங்க ஓட்டுறது?”

“காலையில எத்தனை மணிக்கு ஓட்டுறீங்க?”

“ஏழு, ஏழரைக்கு. வெயிலுக்கு முன்னாடி வயிறு ரொம்பிடும்ல.”

இந்த இரண்டு பதில்களிலேயே அவன் கேள்விக்கு முக்கால்வாசி விடை இருந்தது. ஆனால் அதை அப்படியே சொன்னால் நம்ப மாட்டான். ஆட்டுக்காரர்கள் பலரும் புழு ஆட்டின் வயிற்றில் தானாக உண்டாகிறது என்றே நினைக்கிறார்கள். வயிற்றில் உண்டாவதை வயிற்றுக்குள் மருந்து ஊற்றித்தானே தீர்க்க வேண்டும்? அதனால்தான் மூன்று பாட்டில்.

தாடை வீங்கும் குட்டிகளில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டிய புழு ஹீமாங்கஸ். குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் அது குடியிருப்பது ஆட்டின் நான்காம் இரைப்பையில். அறுத்த ஆட்டில் பார்த்திருப்பீர்கள்: ஏறக்குறைய ஓர் அங்குல நீளம், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல. சிவப்பு அது குடித்த ரத்தம். வெள்ளை அதன் முட்டைப்பை. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். ஒரு துளி அளவு. ஆனால் ஒரு குட்டிக்குள் ஆயிரம் புழு இருப்பது அபூர்வமல்ல. ஆயிரம் புழு என்றால் நாளைக்கு 50 மில்லி. 12 கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே முக்கால் லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். ரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் நீர் கசிந்து தாடைக்கடியில் பை போலத் தொங்குகிறது. இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது என்பதை நினைவில் வையுங்கள். புழுக்கை நன்றாகத்தானே போடுகிறது என்று ஏமாந்தவர்கள் நிறைய. கழிச்சலோடு மெலிவது சிறுகுடலில் வாழும் வேறு புழுக்களின் வேலையாகவோ ரத்தக்கழிச்சல் நோயாகவோ இருக்கலாம். அதற்கு வைத்தியமும் வேறு.

“ஒரு பெட்டைப் புழு நாளைக்கு ஐயாயிரம் முட்டை போடும், அதுக்கு மேலயும் போடும்” என்றேன். “உங்க பெரிய ஆடு ஒண்ணுல நூறு பெட்டைப் புழு இருந்தா நாளைக்கு அஞ்சு லட்சம் முட்டை. அத்தனையும் புழுக்கையோட எங்க விழுது?”

“வாய்க்கா கரையில.”

“அங்க ஈரமும் சூடும் இருந்தா நாலஞ்சு நாள்லேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள முட்டை பொரிஞ்சு, ரெண்டு தடவை சட்டை உரிச்சு, ஆட்டுக்குள்ள போகத் தயாரா நிக்கும். பனியோ மழையோ புல்லு மேல படிஞ்சா அந்த ஈரத்துலயே நீந்தி மேல ஏறும். வெயில் ஏறிப் புல்லு காஞ்சா கீழ அடித்தூருக்கு இறங்கிடும். நீங்க ஏழு மணிக்கு ஓட்டினா, அது மேல ஏறி உக்காந்திருக்கிற நேரத்துக்குச் சரியாக் கொண்டுபோய் விடுறீங்க.”

டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

மருந்து ஊற்றிப் பத்து நாளில் மறுபடி வீங்குவதற்கும் இதுதான் காரணம். மருந்து அன்றைக்கு ஆட்டுக்குள் இருக்கிற புழுவைக் கொல்லும். மறுநாள் அதே கரையில் மேயும் குட்டி அன்றே புதிய இளம்புழுக்களை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. முட்டையிடும் அளவு வளர அவற்றுக்கு மூன்று வாரம் ஆகும் என்றாலும், அதற்கு முன்பே ரத்தம் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஒரு பட்டியைச் சுற்றியுள்ள புழுக்கூட்டத்தில் பெரும்பகுதி எப்போதும் நிலத்தில்தான் இருக்கிறது, முட்டையாகவும் இளம்புழுவாகவும். அந்தப் பங்கை எந்தப் பாட்டிலும் தொடாது.

குட்டிகள் மட்டும் ஏன் சாகின்றன என்று கேட்டான். நல்ல கேள்வி. அதே கரையில் மேயும் தாய் ஆட்டுக்குள்ளும் புழு இருக்கிறது. அதன் உடம்பு புழுவோடு பழகி எதிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. குட்டிக்கு அந்தப் பழக்கம் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை புல்லோடு விழுங்கும் புழுவெல்லாம் அதற்குள் நிற்கும். அதிலும் மூன்று மாதத்தில் பால் நிற்கும்போது மூன்று இடி ஒன்றாக விழுகிறது: பாலில் வந்த புரதம் நின்றுபோகிறது, புல்லை மட்டுமே நம்பி வாய் ஓயாமல் மேய்கிறது, தாயைப் பிரிந்த ஏக்கம் வேறு. போதாக்குறைக்கு, குட்டி போட்ட தாயின் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களுக்குத் தளர்ந்து அதன் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை கூடும். தாய்தான் தன் குட்டி மேயும் தரையை நிரப்பிவிடுகிறது. குட்டிக்குப் பாலை மறக்கடிக்கும்போதே தாய் மேய்ந்த தரையையும் மறக்கடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி வாய்க்கால் கரை. நெய்வேலியைச் சுற்றியுள்ளவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். இங்கே 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் ஓடாது. அப்படி இறைக்கும் நீர் வாய்க்கால் வழியாக வயல்களுக்கும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி பக்கமும் போகிறது. அதனால் சித்திரை வெயிலிலும் சில கரைகள் பச்சையாக இருக்கின்றன. பயிருக்கு அது வரம். ஆட்டுக்காரர் கண்ணுக்கும் வரமாகத்தான் தெரிகிறது. வேறு ஊர்களில் கோடை வெயில் இலவசமாகச் செய்துகொடுக்கும் வேலையை, தரையைக் காயவைத்து இளம்புழுவைச் சாகடிக்கும் வேலையை, அந்தக் கரைகளில் வெயிலால் செய்ய முடிவதில்லை. வருடம் முழுக்க ஈரம், வருடம் முழுக்க எல்லா ஊர் ஆடும், புல்லும் மொட்டையாகக் கடிபட்டது. இளம்புழுவில் பெரும்பகுதி தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். புல் குட்டையாகக் குட்டையாக வாய் புழுவுக்கு நெருங்குகிறது. நீர் விளிம்பில் நத்தையும் இருப்பதால் தட்டைப்புழு வேறு.

அந்தக் கரையை வீணாக விடச் சொல்லவில்லை. மாட்டை விடுங்கள். ஆட்டுப்புழுவில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் வளராமல் செத்துப்போகும். மாடு மேய மேயக் கரை சுத்தமாகும். ஆனால் வெள்ளாட்டை விட்டால் இந்தப் பயன் கிடைக்காது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் புழு ஒன்றுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் வீட்டுக்கு நான்கு என்று வந்த வெள்ளாடுகளின் வம்சம் இன்றும் பல தெருக்களில் செம்மறியோடு சேர்ந்து மேய்கிறது. தழை கடிக்கும் பிராணியான வெள்ளாட்டைத் தரையில் மேயவிட்டால் அது செம்மறியைவிட அதிகமாகத் தவிக்கும்.

“சரிண்ணே. வயலும் இல்ல, கரையும் வேணாம்னா?”

வடை மடித்து வந்த தாளைப் பிரித்து அவனையே எழுதச் சொன்னேன், ஆடு ஓட்ட அனுமதி உள்ள இடங்களையெல்லாம். சுரங்கம் விரிய விரிய இந்தப் பக்கத்து ஊர்களின் மேய்ச்சல் வெளி சுருங்கியிருக்கிறது. அது என் மனதில் இருக்கும் ஆறாத குறை. இருந்தும் ஏழு இடம் தேறியது: இரண்டு கொல்லை, மாமாவின் முந்திரித் தோப்பு, ஒரு பலாத்தோப்பு, தரிசு, கோயில் திடல், வாய்க்கால் கரை.

அப்போது டோங்கா கதையைச் சொன்னேன். பசிபிக் கடலில் உள்ள தீவு நாடு. நம்மைப்போல வெப்பமும் மழையும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஆடுகளை வைத்துச் செய்த சோதனை 1994இல் வெளிவந்தது. மேய்ச்சல் நிலத்தைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டார்கள். முட்டை பொரிந்து தயாராவதற்குள் ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். சுற்றி வரும்போது ஒரு மாதம் கடந்திருக்கும். அதற்குள் தரையில் இருந்ததில் பெரும்பகுதி செத்திருக்கும். ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளைவிட அவற்றில் முட்டை எண்ணிக்கையும் மருந்துத் தேவையும் நன்றாகக் குறைந்தன. இளம்புழு புல்லில் எதையும் தின்னாது. பொரிந்தபோது சேர்த்த சக்தியை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது. சூட்டில் அது வேகமாக அலைந்து வேகமாகத் தீர்ந்துபோகிறது. குளிர்நாட்டில் அதே புழு மாதக்கணக்கில் தாங்கும். அதனால்தான் இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்து ஆறு மாதம் நிலத்தைச் சும்மா போடச் சொல்கிறவர்கள் நம்மைக் கலங்கடிக்கிறார்கள். நமக்கு ஒரு மாதம் கிடைத்தாலே பெரிய லாபம்.

“பத்து துண்டுக்கு எங்கண்ணே போவேன்?”

“முப்பது ஆட்டுக்குப் போக முடியாது. ஒன்பது குட்டிக்குப் போகலாம்.”

பெரிய ஆடுகள் தாங்கிக்கொள்ளும். அவற்றுக்குத் தரிசும் திடலும் பலாத்தோப்பும் போதும். இரண்டு கொல்லையும் முந்திரித் தோப்பும் குட்டிகளுக்கு மட்டும். ஒவ்வொன்றையும் மரவரிசை, வரப்பு அடையாளம் வைத்து மூன்றாகப் பிரித்தால் ஒன்பது துண்டு. துண்டுக்கு நான்கு நாள். முதல் துண்டுக்குத் திரும்பி வர 32 நாள். ஒன்பது குட்டி ஒரு துண்டை நான்கு நாளில் மொட்டை அடித்துவிடாது. நான்கு விரல் உயரத்துக்கு மேல் புல் நிற்கும்போதே இடம் மாறிவிடலாம். செம்மண் மேட்டுக்கொல்லையில் தண்ணீர் நிற்காது என்பது கூடுதல் வசதி. முந்திரி பூக்கிற மாதங்களில் பூச்சிமருந்து அடித்த தோப்புக்குள் மட்டும் கேட்காமல் நுழையக் கூடாது. காலையில் பனி முழுக்கக் காய்ந்து பத்து மணியை ஒட்டித்தான் பட்டியைத் திறக்க வேண்டும்.

குட்டிகளைத் தனியே ஓட்ட ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். இது சின்னச் செலவல்ல, ஒத்துக்கொள்கிறேன். சித்தி குட்டிகளோடும் மருமகள் பெரிய ஆடுகளோடும் போகலாம் என்று அவனே சொன்னான். நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும் வாரங்களுக்கு இந்தச் சுற்றும் போதாது. அப்போது பால்மறக்கும் குட்டிகளை வெளியே விடாமல் பரணிலோ காய்ந்த கொட்டகையிலோ வைத்து, அகத்தி, வேலிமசால், கருவேலங்காய், கொஞ்சம் பிண்ணாக்கு என்று கொடுப்பது நல்லது. புரதம் கிடைக்கும் குட்டி புழுவை எதிர்த்து நிற்கும். கரைப்புல்லை அறுத்துப் போட்டாலும் அடியோடு சுரண்டாமல் மேலாக அறுத்து வெயிலில் வாடவைத்துப் போட வேண்டும். இன்னும் முன்கூட்டி யோசித்தால், கிடாவைச் சேர்க்கும் மாதத்தை மாற்றி, குட்டிகள் ஐப்பசியில் பால்மறக்காமல் மாசியில் பால்மறக்கும்படி செய்யலாம். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஆனியில் சேர்த்தால் கார்த்திகையில் குட்டி, மாசியில் பால்மறதி.

மாசி ஏன் என்றால், நம் பகுதியில் வருடத்தின் மிகச் சுத்தமான மேய்ச்சல் அப்போதுதான் திறக்கிறது. வடலூர் தைப்பூசம் வரும் நாட்களில் சம்பா அறுவடை நடக்கும். அறுத்த கழனியைப் பாருங்கள். உழுது, சேறடித்து, மாதக்கணக்கில் தண்ணீர் நிறுத்தி, பயிர் நின்ற ஐந்து மாதத்தில் ஓர் ஆடுகூட அதில் கால் வைக்கவில்லை. போன வருட இளம்புழு எதுவும் அதில் மிஞ்சியிருக்க வழியில்லை. அந்த நெல்தாளும் வரப்புப் புல்லும் குட்டிகளுக்குக் கிடைக்க வேண்டிய முதல் பந்தி. நாம் என்ன செய்கிறோம்? கதிர் அறுத்த மறுநாளே பட்டியில் உள்ள அத்தனையையும் ஓட்டுகிறோம். ஒரு வாரத்தில் தாய் ஆடுகளின் புழுக்கை பரவிவிடுகிறது. வரிசையை மாற்றினால் போதும். முதலில் குட்டி, அது அடுத்த கழனிக்கு நகர்ந்த பிறகு பெரிய ஆடு. தண்ணீர் தேங்கி நத்தை ஊரும் பள்ளத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக அவன் பாட்டிலைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் ஒரே மருந்து. எல்லா ஆட்டுக்கும், எடை பார்க்காமல், கண் மதிப்பில். நவீனக் குடற்புழு மருந்துகளில் முதலாவதான தயாபென்டசோல் 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத செம்மறிப் புழு அமெரிக்காவில் பதிவானது. ஹரியானாவின் ஹிசாரில் பல்கலைக்கழகப் பண்ணை ஆடுகளிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துக்கு அடங்காத ஹீமாங்கஸ் இருந்ததை 1990களில் எழுதியிருக்கிறார்கள். எல்லா ஆட்டுக்கும் ஊற்றி அன்றே சுத்தமான கழனிக்கு ஓட்டினால், மருந்துக்குத் தப்பிய புழுவின் முட்டை மட்டுமே அந்தக் கழனியில் விழும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கெட்ட விதையை விதைப்போம். ஆகவே திடமான சில பெரிய ஆடுகளுக்கு ஊற்றாமல் விட வேண்டும். அவற்றிலிருந்து விழும் சாதாரணப் புழு, தப்பித்த புழுவோடு கலந்து அதன் பலத்தைக் குறைக்கும்.

யாருக்கு ஊற்றுவது என்பதைக் கண் சொல்லும். தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர் பெயரில் ஃபமாச்சா என்ற நிற அட்டை இருக்கிறது. கீழிமையை மெல்லப் புரட்டி உள் நிறத்தை ஐந்து படியோடு ஒப்பிடுவது. நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் உடனே வேண்டும். மழைக்காலத்தில் குட்டிகளுக்கு வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், அந்த வறண்ட பகுதிக்கு வருடத்துக்கு ஒரே முறை, மழைக்காலத்தின் நடுவிலோ பின்பகுதியிலோ ஊற்றினால் போதும் என்றே பரிந்துரைத்தது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரு முறை போதாது. ஆனால் நான்கு மாதத்தில் மூன்று முறை, மந்தை முழுக்க என்பது நிச்சயம் தவறு.

“இப்ப இருக்கிற ஒன்பதுக்கு என்னண்ணே செய்யறது?”

இன்றே வீட்டுக்குப் போய் ஒன்பதின் கண்ணையும் பார்க்கச் சொன்னேன். வெளிறியவற்றின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, குட்டிகளை எடை போட்டு, நாளைக் காலை கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போக வேண்டும். முட்டை எண்ணிக்கை பார்த்து, வேறு வகை மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். ஊற்றிய இரண்டு வாரத்தில் மறுபடி எண்ணினால் அது வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும். அதுவரை குட்டிகள் கொட்டகையை விட்டு இறங்க வேண்டாம். வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புதுக்குட்டி பிடித்து வந்தாலும் இதே ஒழுங்குதான்: மருந்து கொடுத்து இரண்டு நாள் கட்டிவைத்து, அந்தப் புழுக்கையை எருக்குழியில் போட்ட பிறகே மேய்ச்சல்.

வடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். காலி பாட்டிலைக் கடைக்காரர் குப்பைக்கு வாங்கிக்கொண்டார்.

இதைப் படிக்கும் ஆட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தை பிறந்ததும் உங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு சாயங்காலம் கூடிப் பேசுங்கள். எந்தக் கழனி முதலில் அறுப்பாகிறது என்று நில உடைமையாளரிடம் கேளுங்கள். அந்தக் கழனியில் முதல் நான்கு நாளை ஊரில் உள்ள பால்மறந்த குட்டிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.